நான் செய்யாத என்ஜின்

காலையில் நான் சாயாக்கடைக்குள் நுழைந்ததும் கல்லாவில் இருக்கும் நாசர் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "தீவண்டிக்கு ஒரு சாயா, மதுரம் குறச்சு!" தீவண்டி என்றால் மலையாளத்தில் ரயில். தமிழ்நாட்டிலிருந்து யூதர் தெருவான ஜூ டவுனைப் பார்க்க வந்தவர்கள் யாராவது பக்கத்து மேசையில் இருந்தால், ரயிலுக்கு எதற்கு இனிப்புக் குறைத்த தேநீர் என்று திரும்பிப் பார்ப்பார்கள். மீன்காரப் பெண் என்னைத் தீவண்டி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். என் முகவரியைத் தேடி வருகிற கூரியர்காரரிடம் தெருவில் எல்லாரும் ரங்கசாமியைத் தெரியாது என்றே சொல்வார்கள். கொச்சியில் இந்த மட்டாஞ்சேரிப் பக்கம் ரயில் ஓடுவதில்லை. நான் ரயில்வேயில் வேலை பார்த்தவனும் அல்ல. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜன்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பெயர் எனக்கு ஒரு பொய்யால் வந்தது. ஐம்பது ஆண்டுகளாக அதைச் சுமந்து திரிந்துவிட்டு, இப்போது ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்யப்போய் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாட்டிக்கொண்ட விதம் இது. போன மாதம் ஜேக்கப் போன் செய்தார். என் பழைய மேலாளர் குரியன் சாரின் மகன்; எர்ணாகுளத்தில் இருக்கிறார்; மாதிரி ரயில்கள் சேகரிப்பதில் பைத்தியம். கோயம்புத்தூரில் மாதிரி ரயில் சேகரிப்பவர்களின் பெரிய கண்காட்சி ஒன்று மூன்று நாள் நடக்கப்போகிறதாம். பல ஊர்களிலிருந்தும் சேகரிப்பாளர்கள் வருகிறார்களாம். அவருடைய மேசையில் நடுநாயகமாக வைக்கப்போவது ஒரு பித்தளை என்ஜின். "அங்கிள் உண்டாக்கிய என்ஜினல்லே! அங்கிள் வராம எப்படி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அறிவிப்பு அட்டையின் படத்தைப் போனுக்கு அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் அழகான எழுத்தில் அச்சடித்திருந்தது: கையால் செய்தவர், ஆர். ரங்கசாமி, மட்டாஞ்சேரி. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதில் கையால் செய்தது என்பதைத் தவிர மீதி எல்லாம் பொய். செய்தவன் என் தம்பி பொன்னுசாமி. செய்த இடம் போத்தனூர்.

போத்தனூர், கோயம்புத்தூருக்கு ஒரு நிலையம் முன்னால் இருக்கிற ரயில் சந்திப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் வண்டி போகும்போதெல்லாம் கோணிக்கொள்ளும். அம்மா நாளுக்கு நாலு தடவை அவற்றை நேராக்குவாள். நான் கல்லூரிக்குப் போனேன். என்னைவிட நாலு வயது இளையவனான பொன்னுசாமி பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, பம்பு செய்கிற பட்டறையில் லேத்து ஓட்டப் போனான். இரண்டு வருடம், பட்டறை முடிந்த பிறகு, கழிவுப் பித்தளையில் அந்த என்ஜினைச் செய்தான். ஏறக்குறைய ஒரு முழ நீளம். பழைய பம்பின் குழாய்தான் பாய்லர். முன்விளக்குக்கு அம்மாவின் குங்குமச்சிமிழை எடுத்துக்கொண்டான். அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. தரையில் வைத்துத் தள்ளினால் சக்கரங்களும் பக்கத்துக் கம்பிகளும் நிஜ வண்டியைப்போலவே அசையும். எனக்குக் கொச்சியில் வேலை கிடைத்ததும் அதைத் துணியில் சுற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்தான். "அண்ணா, அங்க கப்பல்காரங்க எல்லாம் வருவாங்கல்லங்ணா. இதைக் காட்டுங்க. ஒருத்தராவது எனக்கொண்ணு பண்ணிக் குடுன்னு கேப்பாங்க. நான் லேத்த வாடகைக்கு எடுத்தாவது பண்ணிக் குடுத்துருவேன்" என்றான். அவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது புரியும். ஊரிலேயே இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்த அலுவலகத்தில் என் பெயர் பாண்டி. தமிழ்நாட்டுக்காரன் என்பதற்கு அங்கே அப்போது அந்த ஒரு சொல்தான். கோபத்தோடு சொல்வார்கள் என்றில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். "பாண்டிக்கு சாம்பார் வைக்கான் மாத்ரமே அறியூ" என்பார் பக்கத்து மேசை வர்கீஸ். சாம்பாரைத் தவிர எனக்கு ஒன்றும் வராது என்று அர்த்தம். என் ஆங்கிலக் கடிதங்களைத்தான் அவரும் நகலெடுத்து அனுப்புவார். மத்தியானம் படகுத்துறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் தம்பியின் என்ஜினை எடுத்துப்போய் என் மேசைமேல் வைத்தேன். தம்பிக்காகத்தான் எடுத்துப் போனேன். அதுவரைக்கும் என் மனதில் கள்ளம் இல்லை. அறை முழுதும் எழுந்து வந்தது. குரியன் சாரே தம் அறையிலிருந்து வந்து குனிந்து பார்த்து, "ஆரா இது உண்டாக்கியது?" என்று கேட்டார். வர்கீஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞானா, சாரே" என்றேன். நான்தான் என்று ஒற்றைச் சொல். அந்த ஊரில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் மலையாள வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். "நீ ஆளு கொள்ளாமல்லோ!" ஆள் கெட்டிக்காரனாக இருக்கிறாயே என்று குரியன் சார் என் தோளில் தட்டினார். மறுநாள் மத்தியானம் வர்கீஸ் தம் பாத்திரத்தைத் திறந்து கப்பைக் கிழங்கும் மீனும் எனக்குப் பகிர்ந்தார். பாண்டி அன்றோடு போனான். தீவண்டி அண்ணாச்சி வந்தான்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. சில மாதம் கழித்து ஒரு சரக்குக் கப்பலின் தலைமை என்ஜினியர் அலுவலகத்துக்கு வந்தார். என்ஜினைக் கையில் எடுத்துப் பார்த்தவர் கீழே வைக்கவே இல்லை. அடுத்த முறை கப்பல் வரும்போது தமக்கும் ஒன்று வேண்டும், என்ன விலையானாலும் சரி என்றார். பொன்னுசாமி எதிர்பார்த்த ஆள் அவர்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் தம்பி செய்வான் என்று சொல்ல வேண்டும். குரியன் சாரும் வர்கீஸும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வாரமே தம்பிக்குக் கடிதம் எழுதினேன்: இங்கே யாருக்கும் இதிலெல்லாம் நாட்டமில்லை, நீ வேலையைப் பார். குரியன் சார் ஓய்வு பெற்றபோது பிரிவு விழாவில் என்ஜினை அவருக்கே பரிசாகக் கொடுத்தேன். அவர் கண் கலங்கினார். கையை விட்டுப் போனால் உண்மையும் கூடவே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பொன்னுசாமி ஒரு முறை மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தான். சாப்பிடும்போது, "என்ஜின் எங்கீங்ணா?" என்றான். "மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சுடா. துருப் பிடிச்சுப் போயிருச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். அவன் தலைகுனிந்து ரசஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. பொம்மை எதுவும் செய்யவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் பம்புக்குத் தண்டு கடைந்தான்.

இந்த நிலைமையில்தான் ஜேக்கபின் அழைப்பு. என் மனைவி சரோஜா, "போகாதீங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்லீருங்க" என்றாள். போகாமல் இருக்கலாம்தான். ஆனால் பொன்னுசாமி போவான். கோயம்புத்தூரில் ரயிலைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தால் அவன் அங்கே இல்லாமல் இருக்க மாட்டான். தன் கையால் செய்த என்ஜினைப் பார்ப்பான், அட்டையைப் படிப்பான். எழுபது தாண்டிய மனிதன் ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றுகொண்டு அதைப் படிக்கக் கூடாது. அதற்கு முன்னால் நான் அந்த அட்டையை மாற்ற வேண்டும். எனக்கு இருந்தது மூன்று வாரம்.

ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. அதைத் திரும்ப எடுக்க நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கண்காட்சிக்காரர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், இணையத்தில். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டச்சு செய்துகொண்டு போனால் கடைசியில் எல்லாம் அழிந்துபோகும். பெயர் திருத்தம் என்று ஒரு பெட்டியே கிடையாது. பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டால் பாட்டுப் பாடியது. ஒரு வழியாக ஒரு பெண் எடுத்தாள். "அந்த என்ஜினைச் செய்தவர் நானில்லை அம்மா" என்றேன். "அப்ப நீங்க யாருங்க சார்?" என்றாள். "என் பெயர் ரங்கசாமி." "அட்டையில ரங்கசாமின்னுதானே சார் இருக்கு? சரியாத்தானே இருக்கு?" என்றாள். நான் அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில், "உங்களுக்கு வீல் சேர் வேணும்னா குறிச்சுக்கறேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

ஜேக்கபிடமே சொன்னேன். "ஜேக்கப், அது என் தம்பி செய்தது. நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை." அவர் சிரித்தார். "அங்கிளின்டெ ஒரு எளிம!" என்றார். அடக்கமாம். மறுபடியும் சொன்னேன். தம்பி உதவி செய்திருப்பார், வேண்டுமானால் உதவி என்று கீழே சின்ன எழுத்தில் போடலாம் என்றார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் குரலில் சிரிப்புக் குறைந்தது. சாகும்வரை தம் தகப்பனார் பேசிக்கொண்டிருந்த கதை அது, ஒரு தமிழ்க் குமாஸ்தா ராப்பகலாகக் கையால் உழைத்துச் செய்ததை அவருக்குப் பரிசாகக் கொடுத்த கதை, சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டுத்தான் தாம் ரயில் சேகரிக்கவே தொடங்கியதாகச் சொன்னார். "இனி அது மாத்தணோ அங்கிளே? ஆர்க்கு எந்து நஷ்டம்?" மாற்றத்தான் வேண்டுமா, யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார். என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதை மலையாளத்தில் சொல்லும் திறமை எனக்கு இந்த ஐம்பது வருடத்தில் வரவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். சரோஜா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப எதுக்குக் குதிக்கிறீங்க? கட்டிக்கிட்டு வந்த மூணாம் நாளே எனக்குத் தெரியும். காலண்டர் மாட்ட ஆணியடிக்கத் தெரியாம கட்டை விரலை நசுக்கிக்கிட்டவரு, என்ஜின் பண்ணுனாராமா!" என்றாள். என்னை அறிந்தவர்கள் யாரும் அந்தப் பொய்யை நம்பவில்லை. நம்மை அறியாத ஊரில்தான் நாம் விரும்பிய ஆளாக ஆகலாம். நாம் இங்கே வந்து சம்பாதித்த பேரில் எவ்வளவு இப்படி வந்தது என்று மற்றவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் செய்தேன். "சொல்லுங்ணா" என்றான் உற்சாகமாக. "கோயமுத்தூர்ல ரயில் பொம்மைக் கண்காட்சியாமுங்ணா. பட்டறை சிநேகிதங்க நாலு பேரு சேந்து போறோம். நீங்களும் வர்றீங்களா?" நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒன்று விடாமல், வர்கீஸின் சாம்பார் உட்பட. முடித்துவிட்டு, "துருப் பிடிச்சுதுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்டா" என்றேன்.

"தெரியுமுங்ணா. பித்தளை துருப் பிடிக்காது."

பட்டப்படிப்பு படித்தவன் நான். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வாக்கியத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை. லேத்துப் பட்டறைக்காரனிடம்போய் அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

"வித்துட்டீங்க போலன்னு நினைச்சேன்" என்றான். "கைச் செலவுக்கு ஏதோ கஷ்டம், சொல்லக் கூச்சப்படறீங்கன்னு விட்டுட்டேன். ஆனா அந்தக் கப்பல்காரன் கேட்டான்னு எனக்குத் தெரியாதுங்ணா." தொடர்ந்து சொன்னான்: "இங்க யாருக்கும் நாட்டமில்லைன்னு நீங்க எழுதின பின்னாலயும் மூணு வருசம் தபால்காரனைப் பாத்துட்டு நின்னேன். அம்மா சிரிப்பா. உன்னைக் கட்டிக்கப் போற புள்ளையோட லெட்டராடான்னு."

"பொன்னு, மன்னிச்சுக்கடா."

"அதெல்லாம் இப்பக் கேக்காதீங்க. எனக்கு ஆத்தரமா வருது." முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "அட்டைல உங்க பேரு இருந்தா நான் அங்க காலை வைக்க மாட்டேன். மாத்துங்க. மாத்திட்டுப் பேசுங்க." வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துப் படகேறி எர்ணாகுளம் போய் ஜேக்கபின் வீட்டுக் கதவைத் தட்டினேன். முன்னறிவிப்பில்லாமல் இந்த வயதில் வந்து நின்றதில் அவர் பதறிப்போய் உட்காரச் சொன்னார். கண்ணாடி அலமாரியில் என்ஜின் இருந்தது. "நான் பேசிப் பயனில்லை. நீங்கள் கேளுங்கள். இதைச் செய்தவனிடம் என்ன கேட்பீர்களோ அதை என்னிடம் கேளுங்கள்" என்றேன். அவர் தயங்கினார். பிறகு அவருக்குள் இருந்த சேகரிப்பாளர் விழித்துக்கொண்டார். பாய்லரின் மூட்டை எதைக்கொண்டு பற்றவைத்தீர்கள் என்றார். தெரியாது என்றேன். சக்கரங்களை வார்த்தீர்களா, கடைந்தீர்களா? தெரியாது. இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் பிசகாமல் எப்படிப் பொருத்தினீர்கள்? தெரியாது, மோனே. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் தோற்றதில்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியாக, எந்த நாட்டுச் சேகரிப்பாளரையும் குழப்பும் கேள்வி என்று சொல்லிக் கேட்டார்: இந்த என்ஜின் கடையில் விற்கிற எந்தத் தண்டவாளத்திலும் உட்காருவதில்லை. எல்லாவற்றையும்விட அகலமாக இருக்கிறது. ஏன்?

அது எனக்குத் தெரிந்திருந்தது. "நூலை மடித்ததால்" என்றேன். பொன்னுசாமியிடம் அளவு நாடா கிடையாது. யார்டில் நிற்கும் நிஜ என்ஜினை மல்லிகைப்பூக் கட்டுகிற நூலால் அளப்பான். அளந்த நூலை இரண்டாக மடிப்பான், மறுபடி மடிப்பான். ஐந்து மடிப்பு. முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலத்தையும் அப்படித்தான் எடுத்தான். நம் அகலப்பாதை வெளிநாட்டுப் பாதையைவிட அகலம். கடைப் பொம்மைகளெல்லாம் வெளிநாட்டு அளவு. இது போத்தனூர் அளவு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்காமலே சொன்னேன்: "நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். என் பங்கு அவ்வளவுதான்."

ஜேக்கப் எழுந்து ஓர் அளவுகோலை எடுத்துவந்து சக்கரங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். காகிதத்தில் பெருக்கினார். சேகரிப்பாளரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது; அடுத்த கணம் மகனின் முகம் இறுகியது. "அப்போ அப்பச்சனோடு கள்ளம் பறஞ்ஞு, அல்லே?" என்றார். தகப்பனாரிடம் பொய் சொன்னேன் அல்லவா என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். அட்டையை மாற்றிவிடுவதாகவும் பொன்னுசாமியைத் தாமே அழைப்பதாகவும் சொன்னார். கண்காட்சிப் புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அதில் ஒன்றும் செய்ய முடியாது. வாசல்வரை வந்து, மரியாதை குறையாமல், "அங்கிள் இனி வரணமென்னில்ல" என்றார். வர வேண்டும் என்றில்லை. இந்த ஊர் எனக்குக் கொடுத்ததை இந்த ஊர்க்காரர் ஒருவர் திரும்ப எடுத்துக்கொண்டார். அதில் நான் குறைசொல்ல என்ன இருக்கிறது?

நேற்றுப் பொன்னுசாமி பேசினான். ஜேக்கப் கூப்பிட்டிருக்கிறார், மூன்று நாளும் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களாம். குரலில் ஒரு கூச்சம் இருந்தது, சந்தோஷம்தான். "நான் வரலாமாடா?" என்று கேட்டேன். "வாங்க. டிக்கெட் வாங்கிட்டுக் கூட்டத்தோட வாங்க. பாத்துட்டுப் போங்க. அண்ணான்னு நான் எந்திரிச்சு வர மாட்டேன். இப்ப முடியாதுங்ணா" என்றான். போத்தனூர் வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. எந்தத் தம்பியும் அண்ணனிடம் சொல்கிற அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவன் வைத்துவிட்டான்.

ரயில் முன்பதிவு செய்து தரும் கடைக்கு இன்று நாலாம் முறையாகப் போனேன். கோயம்புத்தூர் என்று எடுத்து, போத்தனூர் என்று மாற்றி, மறுபடி ரத்து செய்து, அந்தப் பெண்ணை ஒரு வழியாக்கியிருந்தேன். "என்டெ அண்ணாச்சீ, இன்னெங்கிலும் ஒன்னு தீருமானிச்சோ?" என்றாள். இன்றைக்காவது ஒரு முடிவுக்கு வந்தீர்களா என்கிறாள். கோயம்புத்தூர் என்றேன். பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னேன். ஊர் என்று கேட்டதற்கு மட்டாஞ்சேரி என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் தட்டிக்கொண்டாள். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. வண்டி போத்தனூரில் இரண்டு நிமிடம் நிற்கும். நடைமேடையிலிருந்து எங்கள் தெருவின் முனை தெரியும். அந்த இரண்டு நிமிடமும் நான் கையில் சீட்டோடு உட்கார்ந்திருப்பேன். இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வேன். பிறகு, வெளியூரிலிருந்து வந்த ஒரு பார்வையாளனாக, என் ஊரைக் கடந்து போவேன்.